ஸ்டார் பிளேயர் எந்த அணிக்குப் போவார்? ஆசையை விடுங்கள், முதலில் கணக்கைப் பாருங்கள்

ஜூன் மாதக் கடைசி வந்துவிட்டால் போதும், அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவைப் பார்க்கிறவர்கள் போனைக் கீழே வைக்க மாட்டார்கள். ஃபைனல்ஸ் முடிந்திருக்கும், பந்தை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள், ஆனாலும் சீசனில் இல்லாத பரபரப்பு அப்போதுதான் தொடங்கும். அவர் லேக்கர்ஸுக்குப் போகிறாராம், இவர் மயாமியில் வீடு பார்க்கிறாராம், இன்னொருவர் இன்ஸ்டாகிராமில் பழைய அணியின் படத்தை எடுத்துவிட்டாராம் என்று ஒரே பேச்சு. அமெரிக்கக் கிழக்குக் கரை நேரப்படி ஜூன் 30 மாலை 6 மணிக்கு ஆட்டக்காரர்கள் புது அணிகளோடு பேசக் கதவு திறக்கும். இந்தியாவில் அப்போது ஜூலை 1 அதிகாலை மூன்றரை. அந்த நேரத்துக்கு அலாரம் வைத்து எழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு யார் எங்கே என்று பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டத்தில் நானும் ஒருவன்.

புதிதாகப் பார்க்க வந்தவர்களுக்கு இதில் தலையும் புரியாது, வாலும் புரியாது. அவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அவருக்கு அந்த டீம்தான் பிடிக்குமாமே, அப்புறம் ஏன் அங்கே போகவில்லை?" பிடிப்பது பிடிக்காதது எல்லாம் இந்த விளையாட்டில் கடைசியாக வரும் விஷயம். அதற்கு முன்னால் ஒரு கூட்டல் கழித்தல் கணக்கு இருக்கிறது. அது தெரிந்துவிட்டால் வதந்திகளில் பாதியை அங்கேயே தூக்கிப் போட்டுவிடலாம்.

முதலில் அடிப்படை. ஓர் ஆட்டக்காரரின் ஒப்பந்தம் முடிந்துவிட்டால் அவர் ஃப்ரீ ஏஜென்ட். இனி எந்த அணியோடு வேண்டுமானாலும் பேசலாம், கையெழுத்துப் போடலாம். ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகிய நமக்கு இங்கேதான் முதல் குழப்பம். ஐபிஎல் ஏலத்தில் ஆட்டக்காரருக்குப் பேச்சே கிடையாது, அதிகப் பணம் கேட்டவர் கூட்டிக்கொண்டு போவார். என்பிஏவில் தேர்ந்தெடுப்பவர் ஆட்டக்காரர். அணி முதலாளிகள் விமானம் ஏறி அவர் வீட்டு வாசலுக்கு வந்து, வீடியோ போட்டுக் காட்டி, எங்களிடம் வாருங்கள் என்று கேட்டு நிற்பார்கள். இந்த உரிமையும் சும்மா வந்துவிடவில்லை. ஆஸ்கர் ராபர்ட்சன் 1970இல் போட்ட வழக்கு 1976இல்தான் முடிந்தது. அதற்குப் பிறகும், பழைய அணியின் பிடி எதுவும் இல்லாமல் முழுச் சுதந்திரத்தோடு ஒருவர் அணி மாற 1988 வரை ஆனது. சியாட்டலிலிருந்து ஃபீனிக்ஸுக்குப் போன டாம் சேம்பர்ஸ்தான் அந்த முதல் ஆள்.

ஆனால் எல்லா ஃப்ரீ ஏஜென்டும் முழு ஃப்ரீ கிடையாது. புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டின் முதல் சுற்றில் வந்த இளைஞர்கள் நான்கு வருட முதல் ஒப்பந்தத்தை முடித்தவுடன் பெரும்பாலும் 'ரெஸ்ட்ரிக்டட்' ஆவார்கள். வேறு அணி என்ன தொகை கொடுத்தாலும், அதே தொகையைத் தானும் தருகிறேன் என்று சொல்லிப் பழைய அணி அவரை வைத்துக்கொள்ளலாம். ஐபிஎல்லில் ஆர்டிஎம் கார்டு தெரியுமில்லையா, கிட்டத்தட்ட அதேதான். 2022இல் இண்டியானா அணி டிஆண்ட்ரே எய்ட்டனுக்கு நான்கு வருடத்துக்கு 13.3 கோடி டாலர் தருவதாகக் காகிதத்தில் போட்டுக் கொடுத்தது, அவரும் கையெழுத்துப் போட்டார், அவருடைய பழைய அணியான ஃபீனிக்ஸ் அன்றைக்கே அதே தொகைக்கு அவரை மடக்கிவிட்டது. போக நினைத்தவர் இருந்த இடத்திலேயே இருக்கவேண்டியதாகிவிட்டது. ஆகவே ஒருவர் எங்கே போவார் என்று யோசிக்கும் முன்பு, அவர் எந்த வகை ஃப்ரீ ஏஜென்ட் என்று பாருங்கள்.

சரி, இப்போது பணம். லீகில் ஓர் அணி மொத்தமாகச் சம்பளத்துக்கு இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று வருடா வருடம் ஒரு தொகை அறிவிப்பார்கள். அதுதான் சம்பள வரம்பு, எல்லோரும் 'கேப்' என்பார்கள். 1984-85இல் இது ஓர் அணிக்கு வெறும் 36 லட்சம் டாலர். 2025-26இல் 15.46 கோடி டாலர். லீகின் வருமானத்தோடு, முக்கியமாக டிவிக் காசோடு, இது ஏறும்.

இந்த மொத்தத்துக்குள் தனி ஆளுக்கும் ஓர் உச்சம் உண்டு, அதைத்தான் 'மேக்ஸ்' என்கிறார்கள். லீகில் எத்தனை வருடம் ஆடியிருக்கிறார் என்பதைப் பொறுத்து அது மாறும். ஆறு வருடம் வரை என்றால் வரம்பில் 25 சதவீதம், ஏழிலிருந்து ஒன்பது வருடம் என்றால் 30 சதவீதம், பத்தும் அதற்கு மேலும் என்றால் 35 சதவீதம். பத்து வருட அனுபவமுள்ளவர் 2025-26இல் புதிய மேக்ஸ் ஒப்பந்தம் போட்டால் முதல் வருடச் சம்பளம் சுமார் 5.4 கோடி டாலர்.

இதில் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது, பலரும் தவறவிடுவது இதைத்தான். லெப்ரான் ஜேம்ஸ் மாதிரி ஒருவருக்கு ஏலம் விட்டால் என்ன விலைக்குப் போவாரோ தெரியாது, ஆனால் ஏலமே கிடையாது. எந்த அணியும் மேக்ஸுக்கு மேல் ஒரு டாலர் கொடுக்க முடியாது. உச்சத்தில் இருக்கிற ஆட்டக்காரருக்கு முதல் வருடச் சம்பளம் எங்கே போனாலும் ஒன்றேதான். அப்படியென்றால் போட்டி 'யார் அதிகம் தருவார்' என்பதில் இல்லை. அந்தத் தொகையை வைக்கத் தன் கணக்கில் யாருக்கு இடம் இருக்கிறது என்பதில்தான் முதல் வடிகட்டல் நடக்கிறது. முப்பது அணிகளில் ஒரு கோடைக்கு அந்த அளவு இடம் வைத்திருப்பவை பெரும்பாலும் சொற்பம். மற்ற அணிகளைப் பற்றி வரும் வதந்திகள் எல்லாம் காலிப் பையோடு கடைவீதிக்குப் போன கதை.

அப்படியானால் வரம்பை ஏற்கெனவே தாண்டி நிற்கும் அணி தன் சொந்த ஆட்டக்காரரை எப்படி வைத்துக்கொள்ளும்? அதற்கு ஒரு விதிவிலக்கு, 'பேர்டு உரிமை' என்று பெயர். பாஸ்டன் ஜாம்பவான் லாரி பேர்டின் பெயரால் வந்தது. மூன்று சீசன் இடையில் ஃப்ரீ ஏஜென்டாக அணி மாறாமல் ஆடியவரை, வரம்பு நிரம்பி வழிந்தாலும், மேக்ஸ் வரை கொடுத்து அவருடைய அணி வைத்துக்கொள்ளலாம். டிரேடில், அதாவது அணிகள் தங்களுக்குள் ஆட்களை மாற்றிக்கொள்ளும்போது, வேறு அணிக்குப் போனால் இந்த உரிமையும் அவரோடு சேர்ந்து போகும். கூடவே பழைய அணி ஐந்து வருட ஒப்பந்தம் கொடுக்கலாம், வருடத்துக்கு 8 சதவீதம் ஏற்றலாம். வெளி அணிக்கு நான்கு வருடமும் 5 சதவீதமும்தான். செய்தியில் 'அந்த அணியை விட்டுப் போனால் இத்தனை கோடி நஷ்டம்' என்று பெரிய எழுத்தில் போடுவார்களே, அது பெரும்பாலும் இந்த ஐந்தாவது வருடத்தைச் சேர்த்துப் போடும் கணக்கு. ஐந்தாவது வருடம் வேறு எங்காவது அவர் சம்பளம் வாங்கத்தான் போகிறார் என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

பேர்டு உரிமைக்கு ஒரு விலையும் உண்டு. நம் ஊர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிப்போமே, அதுபோல ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரரின் பெயரில் ஒரு தொகை அணியின் கணக்கில் உட்கார்ந்துகொண்டிருக்கும். 'கேப் ஹோல்ட்' என்பார்கள். ஆள் இன்னும் ஏறவில்லை, ஆனால் சீட் காலி இல்லை. அந்த இடத்தில் வேறு ஸ்டாரை உட்கார வைக்கவேண்டுமென்றால் துண்டை எடுக்கவேண்டும், அதாவது பழைய ஆளின் உரிமையைக் கைவிடவேண்டும். துண்டை எடுத்த பிறகு புது ஆள் வராமல் போனால் இரண்டும் கெட்டான் நிலைமை. கோடைக்காலத்தில் அணி மேலாளர்களுக்குத் தூக்கம் போவது இதனால்தான்.

இதையெல்லாம் ஒரே கதையில் பார்க்கவேண்டுமென்றால் 2016 கோடைக்குப் போகவேண்டும். கெவின் டுரான்ட், ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணியின் ஸ்டார், லீகில் ஒன்பது வருட அனுபவம், ஒப்பந்தம் முடிகிறது. அந்த ஆண்டு மேற்குப் பகுதி இறுதித் தொடரில், அந்த சீசனில் 73 ஆட்டம் ஜெயித்திருந்த கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸை 3-1 என்று பிடித்து வைத்திருந்த தண்டர், கடைசி மூன்று ஆட்டத்தையும் கோட்டை விட்டது. வாரியர்ஸும் ஃபைனல்ஸில் லெப்ரானின் கிளீவ்லாந்திடம் அதே 3-1 முன்னிலையை வைத்துக்கொண்டு தோற்றது. இரண்டு பக்கமும் புண்பட்ட மனசு.

ஆனால் வாரியர்ஸ் மாதிரி நிரம்பிய அணிக்கு டுரான்ட்டை வாங்க இடம் எங்கிருந்து வந்தது? இரண்டு தற்செயல். ஒன்று, லீக் 2014இல் போட்ட புதிய டிவி ஒப்பந்தம், ஒன்பது வருடத்துக்கு 2,400 கோடி டாலர். அந்தப் பணம் 2016-17இலிருந்து ஒரேயடியாக உள்ளே வரத் தொடங்கியது. வரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம் என்று லீக் சொல்ல, ஆட்டக்காரர் சங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே வருடத்தில் 7 கோடியிலிருந்து 9.41 கோடி டாலருக்குத் தாவியது. முன்னே பின்னே நடக்காத தாவல். இரண்டு, வாரியர்ஸின் ஸ்டார் ஸ்டெஃப் கரியின் சம்பளம். 2012இல் அவருடைய கணுக்கால் அடிக்கடி மடங்கிக்கொண்டிருந்த காலத்தில் நான்கு வருடத்துக்கு 4.4 கோடி டாலருக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார். லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை இரண்டு முறை வாங்கிய பிறகும் 2016-17இல் அவருக்கு 1.2 கோடி டாலர்தான்.

இந்த இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்தக் கதை நடந்திருக்காது. இரண்டும் சேர்ந்தும்கூட இடம் கொஞ்சம் போதவில்லை. ஹாரிசன் பார்ன்ஸ் மேல் போட்டிருந்த துண்டை வாரியர்ஸ் எடுத்தது, அவர் டல்லாஸ் போனார், நான்கு வருடத்துக்குச் சுமார் 9.4 கோடி டாலர். ஆண்ட்ரூ போகட்டையும் டிரேடில் அதே டல்லாஸிடம் தள்ளிவிட்டார்கள். இப்படி வீட்டுச் சாமானை எல்லாம் நகர்த்தி வைத்து டுரான்ட்டுக்குக் கட்டில் போட்டார்கள்.

டுரான்ட் நியூயார்க் பக்கம் ஹாம்ப்டன்ஸில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து உட்கார்ந்துகொண்டார். தண்டர், வாரியர்ஸ், கிளிப்பர்ஸ், ஸ்பர்ஸ், செல்டிக்ஸ், ஹீட் என்று ஆறு அணிகள் அவரோடு உட்கார்ந்து பேசின. பாஸ்டன்காரர்கள் அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் டாம் பிரேடியையே கூட்டிக்கொண்டு போனார்கள், பெண் பார்க்கப் போகும்போது ஊர்ப் பெரிய மனிதரைக் கூட்டிப் போவது மாதிரி. வாரியர்ஸ் பக்கம் கரி, கிளே தாம்ப்சன், டிரேமண்ட் கிரீன், ஆண்ட்ரே இகுவடாலா நான்கு பேரும் நேரில் போய் உட்கார்ந்தார்கள். ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினம், வாரியர்ஸுக்குப் போகிறேன் என்று எழுதி வெளியிட்டார். ஓக்லஹோமாவில் அவருடைய ஜெர்சியைக் கொளுத்தினார்கள். அடுத்த பிப்ரவரியில் அவர் அந்த ஊருக்கு ஆட வந்தபோது கோழை என்று குத்திக்காட்ட, கப்கேக் படம் போட்ட சட்டையோடு வந்து உட்கார்ந்தார்கள்.

ஒப்பந்தத்தைப் பாருங்கள், அதில்தான் சுவாரசியம். ஐந்து வருடமோ நான்கு வருடமோ இல்லை, இரண்டே வருடம், 5.43 கோடி டாலர், அதிலும் இரண்டாவது வருடம் இருப்பதா போவதா என்பது அவர் இஷ்டம். 'பிளேயர் ஆப்ஷன்' என்பது இதுதான். ஏன் இவ்வளவு குறைவு? ஒரு வருடம் கழித்தால் அவருக்குப் பத்து வருட அனுபவம் ஆகிவிடும், 30 சதவீதம் 35 ஆகிவிடும். இதனால்தான் ஸ்டார்கள் சின்ன ஒப்பந்தம் போட்டால் 'அணி மேல் நம்பிக்கை இல்லை' என்று அவசரப்பட்டு அர்த்தம் பண்ணக்கூடாது, பல நேரம் அது வெறும் காலண்டர் கணக்கு. வேடிக்கை என்னவென்றால் 2017இல் அந்த 35 சதவீதத்தையும் அவர் முழுதாக வாங்கவில்லை. சுமார் 3.5 கோடி வரை வாங்கியிருக்கலாம், 2.5 கோடிக்கு ஒத்துக்கொண்டார், மிச்சத்தில் இகுவடாலாவையும் ஷான் லிவிங்ஸ்டனையும் அணி வைத்துக்கொண்டது. 2017, 2018 இரண்டு கோப்பையும் வந்தது. இரண்டு ஃபைனல்ஸிலும் சிறந்த ஆட்டக்காரர் அவரே.

2016 கோடையில் வரம்பு தாவியதால் ஊரெல்லாம் கையில் காசு. பேச்சுவார்த்தை திறந்த சில நிமிடங்களிலேயே திமோஃபி மோஸ்காவ் என்ற உயரமான சென்டருக்கு லேக்கர்ஸ் நான்கு வருடத்துக்கு 6.4 கோடி டாலர் கொடுக்க ஒத்துக்கொண்டது. முந்தைய ஃபைனல்ஸில் கிளீவ்லாந்து அவரைப் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார வைத்திருந்தது. இடம் இருக்கிறது என்பதற்காகவே வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு லேக்கர்ஸ் ரசிகர்கள் இன்றும் அவர் பெயரைத்தான் சொல்வார்கள்.

அடுத்து, 'ஒத்துக்கொண்டார்' என்பதற்கும் 'கையெழுத்துப் போட்டார்' என்பதற்கும் உள்ள இடைவெளி. ஜூன் 30 மாலை பேச்சு தொடங்கினாலும் பெரிய ஒப்பந்தங்களில் ஜூலை 6 மதியம் வரை கையெழுத்துப் போட முடியாது. இந்த நாள்களில் வருவதெல்லாம் வாய் வார்த்தைதான். பெரும்பாலும் யாரும் வார்த்தை மாறுவதில்லை. பெரும்பாலும்தான். 2015இல் கிளிப்பர்ஸ் சென்டர் டிஆண்ட்ரே ஜோர்டான் டல்லாஸுக்கு வருவதாகச் சொல்லிவிட்டார். டல்லாஸ் அதை நம்பி வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க, இவருக்கு மனசு மாறியது. விஷயம் கசிந்ததும் கிளிப்பர்ஸ் கூட்டம் முழுக்க ஹூஸ்டனில் இருந்த அவர் வீட்டுக்குப் படையெடுத்தது. கிறிஸ் பால், பிளேக் கிரிஃபின், பயிற்சியாளர் டாக் ரிவர்ஸ், முதலாளி ஸ்டீவ் பால்மர், எல்லோரும். யார் எங்கிருந்து வருகிறார் என்று விமானம், ஹெலிகாப்டர், வாழைப்பழம், படகு என எமோஜி போட்டே ட்விட்டரில் அறிவித்தார்கள். கதவுக்கு முட்டுக் கொடுத்து நாற்காலி வைத்திருக்கிற படத்தை கிரிஃபின் போட்டார். நள்ளிரவு தாண்டியதும் கையெழுத்து, கிளிப்பர்ஸிலேயே. அன்றிரவு தூங்காமல் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அதைவிட நல்ல சீரியல் பிறகு கிடைக்கவில்லை. டல்லாஸ் ரசிகர்களை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கும்.

கணக்கு எல்லாம் ஒத்துவந்த பிறகு கடைசியாக ஆசை வருகிறது என்றேன் இல்லையா, அதற்கு உதாரணம் 2019இன் கவாய் லெனார்ட். டொரண்டோவுக்கு ஒரே ஒரு சீசன் ஆடி முதல் கோப்பையை வாங்கிக் கொடுத்துவிட்டு ஃப்ரீ ஏஜென்ட் ஆனார். டிரேடில் வந்தவர், பேர்டு உரிமையும் கூடவே வந்திருந்ததால் டொரண்டோ ஐந்து வருடம் கொடுக்க முடியும். லேக்கர்ஸ் சுமார் 3.2 கோடி டாலர் இடத்தை அவருக்காகவே காலியாக வைத்துக்கொண்டு காத்திருந்தது. கிளிப்பர்ஸிடமும் இடம் இருந்தது. மூன்றே மூன்று அணிகள். அவர் வாயே திறக்காத மனிதர், கிட்டத்தட்ட ஒரு வாரம் மொத்த லீகும் காத்துக்கிடந்தது. ஜூலை 6 அன்று தெரிந்தது, லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ். தெற்குக் கலிபோர்னியாக்காரர், சொந்த ஊர்ப் பக்கம் போனார், ஐந்து வருடப் பணத்தை விட்டுவிட்டு மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டார்.

ஆனால் வெறும் ஊர்ப் பாசம் இல்லை. கூட ஆட இன்னொரு ஸ்டார் வேண்டும் என்றார், கிளிப்பர்ஸ் அதே இரவில் ஓக்லஹோமாவிலிருந்து பால் ஜார்ஜை டிரேடில் எடுத்தது. விலையாகப் போனது ஷே கில்ஜியஸ் அலெக்சாண்டர் என்ற இளைஞரும், டனிலோ கலினாரியும், ஐந்து முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகளும். கில்ஜியஸ் அலெக்சாண்டர் 2025இல் லீகின் சிறந்த ஆட்டக்காரர், ஓக்லஹோமா அதே ஆண்டு சாம்பியன், அந்த டிராஃப்ட் வாய்ப்புகளில் ஒன்றில் வந்த ஜேலன் வில்லியம்ஸும் அந்த அணியில். கிளிப்பர்ஸுக்குக் கோப்பை வரவில்லை. காத்திருந்து ஏமாந்த லேக்கர்ஸ் மிச்சம் மீதி இருந்தவர்களை அள்ளிப் போட்டு 2020 கோப்பையை அடித்தது. ஸ்டாரைப் பிடித்தவன் ஜெயித்தான் என்று எப்போதும் இல்லை பாருங்கள்.

வரி பற்றியும் கேட்பீர்கள். டெக்சாஸிலும் ஃபுளோரிடாவிலும் மாநில வருமான வரி கிடையாது, கலிபோர்னியாவில் உச்ச விகிதம் 13.3 சதவீதம். அதனால் டல்லாஸோ மயாமியோ லாபம் என்பார்கள். ஓரளவு உண்மை. ஆனால் 82 ஆட்டத்தில் பாதி வெளியூரில், எந்த மாநிலத்தில் ஆடுகிறார்களோ அங்கேயும் வரி கட்டவேண்டும், ஆகவே வித்தியாசம் சொல்கிற அளவு பெரிதில்லை. அத்தனை வரியிலும் கலிபோர்னியாவின் லேக்கர்ஸுக்கு ஆள் வராமல் போனதில்லை.

சம்பளத்தை விட்டுக்கொடுத்து வருவதும் உண்டு, வயதான பிறகு. 2003இல் கார்ல் மலோன், முந்தைய சீசனில் 1.9 கோடி டாலருக்கு மேல் வாங்கியவர், கோப்பைக்காக 15 லட்சம் டாலருக்கு லேக்கர்ஸில் சேர்ந்தார். 2004 ஃபைனல்ஸில் டெட்ராய்ட் வந்து அந்த ஆசையில் மண்ணைப் போட்டது. இப்போது ஒரு 30 வயது ஸ்டார் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு உங்கள் அணிக்கு வரப்போகிறார் என்று யாராவது எழுதினால், சிரித்துவிட்டு அடுத்ததைப் படியுங்கள்.

உறவுமுறையைப் பார்க்கவும் மறக்காதீர்கள், விளையாட்டாகச் சொல்லவில்லை. 2022இல் ஜேலன் பிரன்சனை வைத்துக்கொள்ள டல்லாஸிடம் பேர்டு உரிமை இருந்தது, ஆனாலும் அவர் நியூயார்க் நிக்ஸுக்கு நான்கு வருடம் 10.4 கோடி டாலருக்குப் போனார். அவருடைய அப்பா அங்கே துணைப் பயிற்சியாளர். நிக்ஸ் தலைவர் லியோன் ரோஸ் ஒரு காலத்தில் அந்த அப்பாவுக்கே ஏஜென்ட். எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்த ரகசியம் அது. நேரம் திறக்கும் முன்பே பேசியதற்காக நிக்ஸிடமிருந்து ஓர் இரண்டாம் சுற்று டிராஃப்ட் வாய்ப்பை லீக் பிடுங்கியது. பிரன்சன் கிடைத்ததற்கு அது ஒரு தண்டனையே இல்லை.

அதே பிரன்சன்தான் இன்றைய நிலைமைக்கும் நல்ல உதாரணம். 2025 வரை காத்திருந்தால் ஐந்து வருடத்துக்குச் சுமார் 26.9 கோடி டாலர் கிடைத்திருக்கும். அவர் 2024 கோடையிலேயே நான்கு வருடம் 15.65 கோடிக்கு ஒப்பந்தத்தை நீட்டித்துவிட்டார், அணிக்கு ஆள் சேர்க்க இடம் கிடைக்கட்டும் என்று. இவ்வளவு விட்டுக்கொடுப்பவர் அபூர்வம், ஆனால் நீட்டிப்பு என்பது இப்போது சாதாரணம். 2023இல் வந்த புதிய ஒப்பந்த விதிகளின்படி பழைய சம்பளத்தில் 140 சதவீதம் வரை ஏற்றி, ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நீட்டிக்கலாம். முன்பு 120. டுரான்ட் வாரியர்ஸுக்குப் போன அடுத்த ஆண்டிலிருந்து, பெரிய விருது வாங்கியவருக்கு அவருடைய அணி மட்டும் முன்கூட்டியே 35 சதவீதம் தரலாம் என்ற சூப்பர்மேக்ஸும் இருக்கிறது. கையில் இருக்கிற பணத்தை விட்டுவிட்டு சந்தைக்கு எதற்குப் போகவேண்டும்?

வாங்கும் பக்கமும் சுருங்கிவிட்டது. சம்பள வரம்புக்கு மேலே ஆடம்பர வரிக் கோடு (தாண்டினால் அணி லீகுக்கு வரி கட்டவேண்டும்), அதற்கும் மேலே முதல் ஏப்ரன், இரண்டாம் ஏப்ரன் என்று இரண்டு கோடு. சமையல்கட்டில் கட்டுகிற ஏப்ரன் இங்கே எப்படி வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். 2025-26இல் இரண்டாம் கோடு 20.78 கோடி டாலர். அதைத் தாண்டிய அணி இரண்டு பேர் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய ஆளை டிரேடில் எடுக்க முடியாது, வரம்பைத் தாண்டிய அணியும் புது ஆளை எடுக்க உதவும் நடுத்தரச் சம்பள விதிவிலக்கு கிடையாது, ஏழு வருடம் கழித்து வரும் டிராஃப்ட் வாய்ப்பையும் உறையவைத்துவிடுவார்கள். பணக்கார முதலாளி இருந்தும் பயனில்லை, பூட்டு இருப்பது பணத்தின் மேல் இல்லை, அணி கட்டும் வழியின் மேல்.

2024இல் பால் ஜார்ஜ் கிளிப்பர்ஸை விட்டது இதனால்தான். முதலாளி பால்மரிடம் பணத்துக்கா பஞ்சம்? ஆனால் கவாய்க்கு மூன்று வருடம் கொடுத்த மாதிரி இவருக்கும் மூன்றுக்கு மேல் போக அணி தயாராக இல்லை, புதிய விதிகளையே காரணமாகச் சொன்னது. முன்கூட்டியே இடத்தைக் காலி செய்து வைத்திருந்த ஃபிலடெல்ஃபியா நான்கு வருடம், 21.2 கோடி டாலர் என்றது. போனார். முதல் சீசனில் காயத்தால் 41 ஆட்டம்தான் ஆடினார், அணி ஜெயித்தது 24. முப்பத்து நான்கு வயதுக்காரருக்கு நான்காவது வருடம் கொடுப்பது எப்போதும் கொஞ்சம் சூதாட்டம்தான் என்பது என் கருத்து, அன்றைக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஆகவே அடுத்த முறை ஒரு பெயர் பெரிதாக அடிபடும்போது, அவர் எந்த நகரத்தில் யாரோடு சாப்பிட்டார் என்பதற்கு முன்னால் நான் பார்ப்பது இவற்றைத்தான்: உண்மையிலேயே ஒப்பந்தம் முடிகிறதா, ஆப்ஷன் யார் கையில், பழைய அணிக்குப் பேர்டு உரிமை இருக்கிறதா, எந்த அணிகளிடம் துண்டு எடுத்தபிறகாவது அந்த மேக்ஸுக்கு இடம் இருக்கிறது. பெரும்பாலும் பழைய அணியையும் சேர்த்து மூன்று, நான்கு பெயர்தான் மிஞ்சும். அதற்கப்புறம் அவருடைய அம்மா எந்த ஊர், அப்பா யாருக்கு நண்பர் என்று ஆராயலாம், அதிலும் ஒரு ருசி இருக்கத்தான் செய்கிறது.

ஹாம்ப்டன்ஸ் வீட்டில் ஆறு அணிகளை வரிசையில் உட்கார வைத்த அதே டுரான்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2019இல் புரூக்ளினுக்குப் போனதுதான் அவர் ஃப்ரீ ஏஜென்டாகக் கடைசியாகச் செய்த முடிவு, அதுவே கடைசியில் டிரேடாகத்தான் கணக்கில் ஏறியது. அதன்பின் 2023 பிப்ரவரியில் ஃபீனிக்ஸ், 2025 கோடையில் ஹூஸ்டன், இரண்டும் டிரேட். ஹூஸ்டனில் கால் வைத்த சில மாதத்தில், அக்டோபரில், இரண்டு வருடத்துக்கு 9 கோடி டாலருக்கு ஒப்பந்தத்தை நீட்டித்துவிட்டார். சீசன் நடுவில் வந்த டிரேடைத் தூக்கத்தில் தவறவிட்டுக் காலையில் காபியோடு படித்துத் தெரிந்துகொண்டேன். ஜூலை 1 அலாரம் மட்டும் போனில் இன்னும் அப்படியே இருக்கிறது.